அளவுகோலும் அன்னையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. எடையை அறியத் தராசு இருக்கிறது. காய்ச்சலைக் காட்ட வெப்பமானி இருக்கிறது. ஆனால் நாள்தோறும் வலியோடும் களைப்போடும் வாழ்கின்ற ஒருவரின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை எதைக் கொண்டு அளப்பது? இயற்பியல் மாணவனாகிய நான் இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்தில் சந்திக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் சந்தித்தேன். அதுவும் ஒரு தவற்றைச் செய்த பிறகுதான் சந்தித்தேன். அந்தத் தவற்றைக் கல்லூரி மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று பல நாள் தயங்கினேன். என்னைப்போல் இன்னொருவர் தம் வீட்டில் அதைச் செய்யாமலிருக்க உதவுமானால், எழுதுவதே முறை என்று துணிந்தேன்.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நான் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. உடற்கல்வி இயக்குநர் அவர்கள் எங்கள் வகுப்பைக் காலை ஏழு மணிக்கு விளையாட்டுத் திடலுக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கே 20 அங்குல உயரத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. நிமிடத்திற்கு 30 முறை என்ற கணக்கில் ஐந்து நிமிடம் அதில் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் கழிந்ததும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுவார்கள். ஏறி இறங்கிய வினாடிகளை நூறால் பெருக்கி, அந்த மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பதே மதிப்பெண். என் கூட்டுத்தொகை 170. மதிப்பெண் 88. "நன்று" என்று என் பெயருக்கு எதிரே எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இது ஹார்வர்டு படிச் சோதனை எனப்படும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் பெயரே 'களைப்பு ஆய்வுக்கூடம்'. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே உருவான சோதனை இது. லூசியன் புரூவா என்பவர் 1943இல் இதை வெளியிட்டார். களைப்பின் பெயரைத் தாங்கிய இடத்தில் பிறந்த இந்தச் சோதனை, நோயற்ற இளைஞர்களை அளப்பதற்காகவே அமைக்கப்பட்டது. அன்று எனக்கு இந்த வரலாறு தெரியாது. தெரிந்திருந்தாலும் அதிலுள்ள முரண் என் கண்ணில் பட்டிருக்காது.

அன்று வேறொன்றும் நடந்தது. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் பெட்டியில் ஏறாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். முதுகு வலிக்கிறது என்றான். முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு எங்களோடு கைப்பந்து ஆடியவன் அவன். "நேற்று இல்லாத வலி இன்று எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுச் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலையில் கையாள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். எங்கள் தெருவில் நாற்று முடிச்சை அவிழ்த்து நடுவதில் அம்மாவின் கைக்கு ஈடாக இன்னொரு கை இல்லை என்பார்கள்.

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அம்மாவுக்கும் நோய் வந்தது. மூச்சுத்திணறல் வரை போகவில்லை. இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டது. ஆனால் அசதி விடவில்லை. மாதங்கள் ஓடின. சோறு வடித்துவிட்டுப் படுப்பார். துணி துவைத்துவிட்டுப் படுப்பார். கை, கால், முதுகு எங்கும் வலி. "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குப்பா" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் இதற்கு ஒரு வரையறை தந்தது. தொற்று தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதத்திற்குப் பிறகும் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கின்ற, வேறு காரணத்தால் விளக்க முடியாத களைப்பு, மூச்சிரைப்பு, மனம் ஒன்றாமை முதலியவற்றை அது 'கொரோனாவுக்குப் பிந்தைய நிலை' என்கிறது. எங்கள் தெரு தந்த வரையறை வேறு. "பார்க்க நல்லாத்தானே இருக்கா!" என்பதே அது.

அம்மாவின் கூலி நின்றது. கடன் வளர்ந்தது. நான் பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்கு வராமல் ஓராண்டு உரக்கடையில் மூட்டை எடுத்துப் போட்டேன். என் வயதையொத்தவர்கள் கல்லூரிப் பேருந்தில் போவதைக் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஓராண்டின் கசப்பு என் மனத்தின் ஒரு மூலையில் தங்கிவிட்டது. அம்மாவுக்கு உண்மையாகவே முடியவில்லையா, அல்லது படுத்துப் பழகிவிட்டாரா என்ற ஐயம் எனக்கும் உண்டு. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் உண்மை அதுதான்.

2022இல் ஒருமுறை அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே இயன்முறை மருத்துவர் அம்மாவை நீண்ட தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, நடந்த தொலைவைக் குறித்தார். அந்தக் காட்சி என் மனத்தில் பதிந்திருந்தது. கல்லூரியில் 88 மதிப்பெண் வாங்கிய நான், அந்தத் தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனதும் ஒரு முடிவு செய்தேன். அம்மாவை நானே அளந்துவிடுவது! ஐயமும் தீரும், தெருவின் வாயும் அடங்கும் என்று எண்ணினேன்.

அப்பாவின் அளவு நாடாவைக் கொண்டு தெருவில் 30 மீட்டர் அளந்து, இரு முனையிலும் ஒவ்வொரு செங்கல் வைத்தேன். கைப்பேசியில் நேரம் பார்த்தேன். "நட, அம்மா!" என்றேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். மகன் படித்த படிப்பைத் தன்மீது சோதித்துப் பார்க்கிறான் என்ற பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. பதின்மூன்று முறை முழுத் தொலைவையும் நடந்து, மேலும் 12 மீட்டர் நடந்தபோது நேரம் முடிந்தது. மொத்தம் 402 மீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகம்! நடப்பதற்கு முன் நாடித்துடிப்பு 88, நடந்தபின் 124. எண்கள் பொய் சொல்லுமா?

"அம்மா, உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பழக்கம் விட்டுப்போனதுதான் குறை. நடவுக்குப் போ. போகப் போகச் சரியாகிவிடும்" என்றேன். அப்பாவும் தலையசைத்தார். படித்த பிள்ளை சொன்னால் அதற்கு மறுப்பு ஏது?

தாளடி நடவு நடந்துகொண்டிருந்த நேரம். மறுநாள் காலை அம்மா வயலில் இறங்கினார். பகல் ஒரு மணி வரை குனிந்து நட்டார். கூலியை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். அன்று மாலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த நாள் விடிந்தது. அம்மா எழவில்லை. தலையைத் தூக்கினால் சுற்றியது. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தொட்டால் வலித்தது. அதற்கு மறுநாள் இன்னும் மோசம். ஐந்து நாள் படுக்கையிலேயே கிடந்தார். கழிவறைக்குக்கூட நான் தாங்கிப் பிடித்து அழைத்துச் சென்றேன். ஐந்தாம் நாள் கஞ்சி ஊட்டியபோது, "ஏம்மா, முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன். அம்மா கோபப்படவில்லை. "நடக்கச் சொன்னே, நடந்தேன். நாளைக்கு எப்படி இருக்கும்னு நீ கேக்கலையேப்பா" என்றார்.

அன்றிரவு அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடினேன். குடும்ப அட்டை வைத்திருந்த பையில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. 2022இல் அந்த இயன்முறை மருத்துவர் கோடு போட்டுக் கொடுத்த தாள். 'செய்த வேலை', 'அன்று', 'மறுநாள்', 'மூன்றாம் நாள்' என நான்கு பத்திகள். வீட்டில் எழுதிக்கொண்டு வரும்படி அவர் என்னிடம்தான் கொடுத்திருந்தார். பேருந்துச் செலவையும் ஒருநாள் கூலி இழப்பையும் எண்ணி நாங்கள் மறுபடி போகவே இல்லை. நான்கு பத்திகளும் வெறுமையாக இருந்தன. கேட்க வேண்டியதைக் கேட்கச் சொல்லி இரண்டாண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதை மடித்து வைத்துவிட்டு, 402 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டேன்!

கல்லூரிக்குத் திரும்பிய அந்த வாரம், ஆய்வுக்கூடத்தில் மின்னழுத்தமானியைக் கொண்டு ஒரு மின்கலத்தின் அக மின்தடையைக் காணும் சோதனை. பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "வோல்ட்மீட்டர் இருக்கும்போது இந்த நீளமான கம்பி எதற்கு?" விடையையும் அவரே விளக்கினார். வோல்ட்மீட்டர் தான் அளப்பதற்காக அந்தக் கலத்திலிருந்தே சிறிது மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. எடுத்த அளவுக்கு அளவீடும் மாறிப்போகிறது. மின்னழுத்தமானியோ சமன்செய்யும் புள்ளியில் கலத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. எதையும் எடுக்காமலே அளக்கிறது.

என் கை கம்பியின் மேல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டு டார்ச் விளக்கின் பழைய பேட்டரிக் கட்டைகள் நினைவுக்கு வந்தன. அம்மா அவற்றை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். சிறிது நேரம் எரியும், பிறகு மங்கும். அந்தக் கட்டையைத் தனியே வோல்ட்மீட்டரில் இணைத்தால் ஏறக்குறைய நல்ல கட்டையைப் போலவே காட்டும். பல்பை இணைத்து எரியவிட்டால்தான் அதன் அக மின்தடை எவ்வளவு கூடிப்போயிருக்கிறது என்பது தெரியும். ஓய்ந்திருந்த கலத்தை ஆறே நிமிடம் சோதித்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் எரியும் என்று சான்று கொடுத்தவன் நான்.

சோதனை முடிந்ததும் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு எழுதினால் உன் பதிவேட்டில் நான் கையொப்பம் இடுவேனா?" என்று மட்டும் கேட்டார். நூலகத்திற்குப் போகச் சொன்னார். தம் கணினியில் சில கட்டுரைகளையும் எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்துதான் நான் உண்மையாகவே படிக்கத் தொடங்கினேன்.

ஆறு நிமிட நடைச் சோதனை நல்ல சோதனையே. முதலில் 12 நிமிடமாக இருந்து, நோயாளிகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று 1982இல் ஆறு நிமிடமாகச் சுருக்கப்பட்டது. 2002இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் அதற்கு விதிகள் வகுத்தது. நடப்பவர் நடுவில் நின்று இளைப்பாறலாம். தொடக்கத்திலும் முடிவிலும் அவருக்கு எவ்வளவு இரைக்கிறது, எவ்வளவு களைப்பு என்று கேட்டுக் குறிக்க வேண்டும். நான் இரண்டையும் விட்டுவிட்டேன்.

களைப்பை எப்படி எண்ணாக்குவது என்று நீங்கள் கேட்கலாம். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் அதற்கு வழி கண்டார். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று உழைப்பவரையே கேட்டு, 6 முதல் 20 வரையுள்ள ஓர் எண்ணைச் சொல்லச் செய்தார். அது ஏன் 6? நலமுள்ள இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ அவருடைய நாடித்துடிப்பு வரும் என்பதே காரணம். 60 என்பது ஓய்வு. 200 என்பது உச்சம். மனிதனின் சொல்லும் இதயத்தின் துடிப்பும் இப்படிக் கைகோத்து நடக்கின்றன என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கருவியை நம்பிய நான் அம்மாவின் சொல்லை நம்பவில்லை. ஆனால் அந்தச் சொல்லையும் ஓர் அளவீடாக அறிவியல் ஏற்றுக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன! பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கமும், தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என 2020இல் எழுதிவைத்தது.

அம்மாவுக்கு நேர்ந்ததற்கு மருத்துவ நூல்களில் ஓர் இடம் இருந்தது. உழைத்த அன்று தெரியாமல், பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து தாக்கும் பின்னடைவு அது. நாட்பட்ட களைப்பு நோயின் இன்றியமையாத அடையாளம் இதுவே என்று 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை கூறியது. கொரோனாவுக்குப் பின் களைப்பில் வீழ்ந்தவர்களில் பலரிடமும் இது காணப்படுகிறது. இதை அளக்க இருநாள் சோதனை ஒன்று உண்டு. முகமூடி மாட்டி மிதிவண்டி போன்ற கருவியை மிதிக்கச் செய்து, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனை அளப்பார்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்வார்கள். நலமுள்ளவர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவைத் தொடுகிறார்கள். நாட்பட்ட களைப்பு நோயாளிகளோ முதல் நாள் எளிதில் தாங்கிய உழைப்பை இரண்டாம் நாள் தாங்குவதில்லை என்று பல ஆய்வுகள் கண்டன. முதல் நாளை மட்டும் பார்த்திருந்தால் அவர்களில் சிலர் நலமுள்ளவர்களாகவே தோன்றியிருப்பார்கள். என் அம்மா தோன்றியதைப்போல! ஆனால் இந்தச் சோதனையே நோயாளியைப் படுக்கையில் தள்ளக்கூடும். உண்மையை அறிய உடலிலிருந்து அவ்வளவு விலை வாங்கும் கருவி அது.

'போகப் போகச் சரியாகிவிடும்' என்று சொன்னவன் நான் மட்டும் அல்லன் என்பதையும் அறிந்தேன். களைப்பு நோயாளிகளுக்கு வாரந்தோறும் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை இங்கிலாந்தின் நைஸ் என்னும் அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2007இல் பரிந்துரைத்திருந்தது. 2021 அக்டோபரில் அதே அமைப்பு, குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் அத்தகைய பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று மாற்றி எழுதியது.

அப்படியானால் வலியுள்ளவர்கள் எல்லாரும் படுத்தே இருக்க வேண்டுமா? இல்லை. எங்கள் பெரியம்மாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். வலிக்குமே என்று அஞ்சி அசையாமல் இருந்து, தொடைத் தசை மெலிந்து, வலி மேலும் கூடியது. அவருக்கு மருத்துவர் சொன்ன மருந்தே நடையும் எளிய பயிற்சியும்தான். அவரைப் படிச் சோதனைப் பெட்டியில் ஏற்றினால் என்ன தெரியும்? இதயமும் நுரையீரலும் களைப்பதற்கு முன்பே முழங்கால் நின்றுவிடும். கிடைக்கும் எண் முழங்காலின் எண். இதயத்தின் எண் அன்று. அவருக்குப் பொருந்துவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 30 வினாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணும் சோதனை. முதலில் 6 முறை எழுந்தவர் நான்கு மாதத்தில் 10 முறை எழுந்தார். மறுநாளும் நன்றாகவே இருந்தார். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்கள். இருவருக்கும் வலி. ஒருவரை எழுப்பிய அறிவுரை இன்னொருவரை வீழ்த்தியது. எவருக்கு எது பொருந்தும் என்று அறியத்தான் அளவு வேண்டும். அந்த அளவில் மறுநாளும் இருக்க வேண்டும்.

நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று கைப்பேசிகள் சொல்கின்றன. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது; மருத்துவ ஆய்வில் பிறந்தது அன்று. ஊருக்கெல்லாம் ஓர் எண் என்பது விற்பனைக்கு ஆகும். என் அம்மாவுக்கு ஆகாது. அவருக்கு வேண்டியது அவருடைய எண்.

எனவே 2025 பொங்கல் விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இயற்பியல் பதிவேட்டைப் போலவே பத்திகள் போட்டேன். அந்த மருத்துவர் தந்த நான்கு பத்திகளும் அதில் உண்டு. தனியாக எந்தச் சோதனையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அம்மா எப்படியும் செய்கின்ற வேலைகளையே எழுதுவது. அவரிடமிருந்து எதையும் எடுக்காமலே அளப்பது. 6 முதல் 20 வரை சொல்லச் சொன்னபோது அம்மா சிரித்தார். "எனக்கு என்னப்பா தெரியும் அதெல்லாம்? இன்னிக்கு மூணு குடம் உடம்பு. அவ்வளவுதான்" என்றார்.

தெருக்குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 40 மீட்டர். எத்தனை குடம் தண்ணீரைச் சிரமமில்லாமல் கொண்டுவர முடியும் என்று காலையில் எழுந்ததும் அம்மாவின் உடம்புக்குத் தெரிந்துவிடும். அந்த அளவுகோல் என்னிடம் இல்லாதது. ஆகவே 'குடம்' என்றே பத்திக்குத் தலைப்பிட்டேன். நான் கல்லூரிக்கு வந்தபின் எட்டாவது படிக்கும் என் தங்கை எழுதினாள்.

மூன்று மாதத்தில் நோட்டு பேசத் தொடங்கியது. விருந்தினர் வருகிறார்கள் என்று ஆறு குடம் எடுத்த நாளை அடுத்து இரண்டு நாள் ஒரு குடம்கூட இல்லை. மூன்று நாளில் மொத்தம் ஆறு. நாள்தோறும் மூன்று குடத்தோடு நிறுத்திக்கொண்ட வாரங்களில் மூன்று நாளுக்கு ஒன்பது! முடிந்த அன்று எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவருடைய சுறுசுறுப்பே அவரை வீழ்த்திக்கொண்டிருந்தது. சோம்பல் என்று தெரு சொன்னதும் நான் ஐயுற்றதும் எவ்வளவு பெரிய பொய்!

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். அதே இயன்முறை மருத்துவர் இருந்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். 'குடம்' என்ற தலைப்பைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. நாளுக்கு மூன்று குடம் என்பதையே வரம்பாக வைத்துக்கொள்ளவும், நடுநடுவே படுத்து ஓய்வெடுக்கவும், பல வாரம் பின்னடைவு இல்லாமல் சென்றால் மட்டும் சிறிது கூட்டிப் பார்க்கவும், தாங்காவிட்டால் உடனே குறைக்கவும் சொன்னார். இரத்தச் சோதனையில் சோகையும் இருப்பது தெரிந்து அதற்கும் மாத்திரை கொடுத்தார்.

அம்மா குணமாகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது உண்மையாகாது. அவர் இன்றும் நடவுக்குப் போவதில்லை. சில மாதங்களாக நான்கு குடம் தாங்குகிறது. வீட்டில் உட்கார்ந்தபடி பூக்கட்டிக் கொடுக்கிறார். அதுவும் நோட்டைப் பார்த்துத்தான். ஆனால் ஐந்து நாள் எழ முடியாமல் கிடக்கும் நிலை கடந்த ஓராண்டில் ஒருமுறைதான் வந்தது. அப்பா இப்போது காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு எத்தனை குடம்?" என்று கேட்டுவிட்டு, மீதிக் குடங்களைத் தாமே எடுத்து வைத்துவிட்டுப் போகிறார். மூன்றாண்டுகளாகச் சண்டைகள் செய்ய முடியாததை அந்த ஒரு கேள்வி செய்துவிட்டது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த நண்பனுக்கு வருகிறேன். இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் அவனிடம் போய், "காலையில் எப்படி இருக்கும், மாலையில் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அப்படி எவரும் அதுவரை தன்னைக் கேட்டதில்லை என்றான். அவனுக்கு இருப்பது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி நோய். இளவயதிலேயே வருவது. ஓய்வில் கூடி, அசைவில் குறைவது அதன் இயல்பு. விடியற்காலையில் முதுகு பலகைபோல் இறுகிக் கிடக்கும். நேரம் செல்லச் செல்ல இளகும். காலை ஏழு மணிக்கு அவனை அளந்தால் ஓர் எண். மாலை நான்கு மணிக்கு அளந்தால் வேறோர் எண். நாங்களோ மாலையில் கண்டதை வைத்துக் காலையைப் பொய் என்றோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் உடற்கல்வி இயக்குநரைச் சந்தித்துச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். இவ்வாண்டு அவனுக்கும், உடல்நலம் குன்றிய இன்னும் இரண்டு மாணவர்களுக்கும், மருத்துவரின் கருத்தைக் கேட்டு, அவரவர்க்கு ஏற்ற நேரத்தில் ஏற்ற சோதனையை வைத்தார். அவர்கள் பெயருக்கு எதிரே மற்றவர்களோடு ஒப்பிடும் மதிப்பெண் இல்லை. சென்ற மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு, மறுநாள் எப்படி இருந்தது என்ற குறிப்புகளே இருக்கின்றன.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் நாம் திருகு அளவியைக் கையிலெடுத்ததும் முதலில் என்ன செய்கிறோம்? சுழிப் பிழையைப் பார்க்கிறோம். கருவியில் உள்ள பிழையைக் கழித்த பிறகே பொருளின் அளவைச் சொல்கிறோம். ஒரு மனிதரை அளக்கும்போது கருவி நாம்தான். நம்முடைய அவசரம், ஐயம், கசப்பு ஆகியவையே நம் சுழிப் பிழை. உரக்கடையில் இழந்த ஓராண்டின் கசப்பைக் கழிக்காமல் நான் என் அம்மாவை அளந்தேன். 402 மீட்டர் என்ற எண்ணில் தவறில்லை. அளந்தவனிடம்தான் பிழை இருந்தது.

பதிவேட்டின் கடைசி வரியில் 'முடிவு' என்று எழுதி அடிக்கோடிடுவது நம் வழக்கம். அம்மாவின் நோட்டில் அந்த வரி இல்லை. இந்த வாரம் ஊருக்குப் போனபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பது பக்கமும் நிரம்பி, மூன்றாவது நோட்டு நடக்கிறது. அன்றைய பக்கத்தில் என் தங்கையின் கையெழுத்தில் 'நான்கு குடம்' என்று இருந்தது. பக்கத்தில் 'மறுநாள்' என்ற பத்தி வெறுமையாக இருந்தது. அதை எழுதுவதற்காகவே ஒருநாள் கூடத் தங்கிவிட்டு வந்தேன்.